வீட்டில் படிக்கும் பிள்ளை தானே அறிவியல் சோதனை செய்ய: குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் கணக்கையும் தமிழையும் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. அறிவியல் என்று வரும்போதுதான் தடுமாற்றம். பெட்டியில் வரும் சோதனைத் தொகுப்பை வாங்கி, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப இதை ஊத்து, இப்ப அதைக் கலக்கு" என்று சொல்லச் சொல்லப் பிள்ளை செய்கிறது. நுரை பொங்குகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதில் பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.

பிள்ளை தானே கேள்வி கேட்டு, தானே பொருள் எடுத்து, தானே அளந்து, தப்பு வந்தால் தானே திரும்பச் செய்ய வேண்டும் என்றால் பெரியவரின் வேலை சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இடம், பொருள், எல்லை மூன்றையும் முதலிலேயே ஒழுங்குபண்ணிவிட்டால் நடுவில் வாய் திறக்க வேண்டிய தேவை வராது. இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் சுமார் 2,500 ரூபாயும் போதும்.

1. இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

அடுக்களை வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரமும் சோதனைப் பாத்திரமும் ஒன்றோடொன்று கலப்பது அங்கேதான். பின்வாசல் திண்ணை, கிணற்றடிக்குப் பக்கத்துச் சார்ப்பு, மேற்கூரை உள்ள மாடி, இவற்றில் ஒன்று நல்லது. காற்றோட்டம் வேண்டும். ஆனால் கடலோர ஊர்களில் மதியத்துக்குமேல் அடிக்கும் காற்று தராசை ஆடவைக்கும், மெழுகுவர்த்தியை அணைக்கும். அதனால் மூன்று பக்கம் மறைந்த மூலையாகப் பாருங்கள்.

மேசை பிள்ளையின் இடுப்பு உயரம் இருக்கட்டும். மேலே ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம் வையுங்கள். எல்லாச் சோதனையும் அந்தத் தாம்பாளத்துக்குள்தான். சிந்தினால் அதோடு நிற்கும், துடைப்பதும் பிள்ளையால் முடியும்.

பக்கத்தில் இரண்டு வாளி. ஒன்றில் சுத்தமான தண்ணீர், இன்னொன்றில் மணல். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கோடை மதியத்தில் கொதிக்கிற சூட்டில் வரும் என்பதால் குழாயை மட்டும் நம்பக்கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த நீர் வேண்டும், கண்ணில் ஏதாவது பட்டால் 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். அதற்கு நிழலில் இருக்கும் தண்ணீர்தான் உதவும். 108 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

2. பொருட்களை மூன்று இடமாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. "எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கும். பொருள் இருக்கும் இடமே பதிலாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை.

திறந்த தட்டு: கேட்காமல் எடுக்கலாம். உப்பு, சீனி, சமையல் சோடா, எலுமிச்சம்பழம், வினிகர், மஞ்சள்தூள், நல்லமிளகுத்தூள், தேங்காயெண்ணெய், சிரட்டை, நூல், பலூன், காந்தம், 1.5 வோல்ட் பேட்டரி, எல்இடி, பூதக்கண்ணாடி, தராசு, சொட்டுக்குழல். எல்இடியோடு 220 ஓம் மின்தடையும் (மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு பாகம்) சேர்த்தே வையுங்கள். இரண்டு பேட்டரியில் சிவப்பு எல்இடியை நேராக மாட்டினால் அது சூடாகிக் கெடும்.

கேட்டு எடுக்கும் தட்டு: வெற்றிலைச் சுண்ணாம்பு, சலவைச் சோடா, பீட்டாடின் (அயோடின் உள்ள புண்மருந்து), மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, கத்தி, கண்ணாடிக் குவளை. என்ன செய்யப் போகிறது என்பதைப் பிள்ளை ஒரு வரியில் சொல்லட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் எடுக்கலாம்.

பூட்டிய பெட்டி: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஸ்பிரிட், பட்டன் பேட்டரி, சின்னச் சின்ன வலுவான காந்தங்கள். இவை பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் பட்டன் பேட்டரியும் குண்டுமணி அளவு காந்தமும் வாங்கவே வேண்டாம். விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் துளைக்கும்.

நான்காவதாக ஒரு வகை உண்டு. சோதனைக்கு வீட்டில் எடுக்கவே கூடாதவை. கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிரைக் கொல்லும். ஆசிட்டில் அலுமினியத் தாளைப் போடும் வீடியோக்களில் வருவது ஹைட்ரஜன், வெடிக்கும். நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் விழுந்தால் பார்வை போகும். ரப்பர் ஆலையில் பால் உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் தோலை வேகவைக்கும். தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இது கேனில் சும்மா கிடக்கும், கவனியுங்கள். செல்போன் பேட்டரி, பவர் பேங்க், சுவர் மின்சாரம் எதுவும் கூடாது. சானிட்டைசர் எரியும்போது தீ கண்ணுக்கே தெரியாது. இவற்றை எல்லாம் பிள்ளையிடம் காரணத்தோடு ஒருமுறை விளக்கிவிடுங்கள். காரணம் சொல்லாத தடையைத்தான் பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பார்கள்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

தராசுக்குத்தான் அதிகம் செலவாகும். 0.1 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு சுமார் 500 ரூபாய். 1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையல் தராசு இதற்கு ஆகாது. கீழே சொல்லும் உப்புச் சோதனையில் மொத்த எடையே மூன்றரை கிராம்தான். 250 மில்லி பீக்கர் இரண்டு 300, 100 மில்லி பிளாஸ்டிக் அளவுக்குழாய் 120, சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானி 200, பாதுகாப்புக் கண்ணாடி 120, பூதக்கண்ணாடி 120, மல்டிமீட்டர் 300, பேட்டரி வயர் எல்இடி சேர்த்து 200, வடிதாளும் சொட்டுக்குழலும் 100. மிச்சம் வீட்டிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும்.

பாதரச வெப்பமானி வாங்காதீர்கள், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உடைந்தால் பாதரசத்தைப் பிள்ளையால் சுத்தம்பண்ண முடியாது.

மயில்துத்தம் உரக்கடையில் மலிவு. ஆனால் கிலோ கணக்கில் தருவார்கள். 50 கிராம் ஆண்டுக்குப் போதும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பழைய குளிர்பான பாட்டிலில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். நீலத் தண்ணீர் என்று யாராவது குடித்துவிடுவார்கள்.

4. ஒரு தாள், ஐந்து வரி

சோதனைக்கு முன் பிள்ளை ஒரு தாளில் எழுத வேண்டும்: என் கேள்வி என்ன, என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எதை மட்டும் மாற்றப் போகிறேன், எதை அளப்பேன், என்ன பார்த்தேன். கடைசி வரி சோதனைக்குப் பிறகு. தேதியும் நேரமும் கட்டாயம். எழுத வராத வயதில் பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஆனால் அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "சோப்பு பயந்து ஓடுது" என்றால் அதுவே போகட்டும்.

மூன்றாவது வரியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். தண்ணீரையும் மாற்றி, சோப்பின் அளவையும் மாற்றி, கடைசியில் எதனால் என்று தெரியாமல் நிற்பார்கள். அதை முதலிலேயே நீங்கள் திருத்தினால் அந்தப் பாடம் போய்விட்டது. முடிந்தபிறகு "எதனால மாறிச்சு?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை தானே பிடித்துக்கொள்ளும்.

5. தொடங்க ஏற்ற நான்கு சோதனைகள்

கிணற்றுத் தண்ணீர் கடினமா, மென்மையா: இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் சோதனை இல்லை. கடலோரத்துக் கிணறு, மலையோரத்துக் கிணறு, குழாய்த் தண்ணீர், மழைத்தண்ணீர் எல்லாம் ஒரு பஸ் பயண தூரத்தில் கிடைக்கும். 1 கிராம் குளியல் சோப்பைச் சீவி 100 மில்லி வெதுவெதுப்பான மழைத்தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரே மாதிரியான மூடி போட்ட பாட்டில்களில் 50 மில்லி தண்ணீர் எடுத்து, சோப்புத் தண்ணீரைப் பத்துப் பத்துச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் பத்து முறை குலுக்க வேண்டும். நுரை ஒரு நிமிடம் உடையாமல் நின்றால் நிறுத்தி, சொட்டைக் கூட்டிச் சொல்லலாம். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீர் சோப்பைப் பிடித்து வெள்ளைத் திரியாக்கிவிடும், அதனால் நுரைக்கக் கூடுதல் சொட்டு வேண்டும்.

இது தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. துணி துவைக்கும் பவுடரையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ எடுத்தால் எல்லாத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மாதிரி நுரைக்கும். அவை டிடர்ஜென்ட், கால்சியத்தோடு அப்படித் திரிவதில்லை. பிள்ளை தானே இதில் மாட்டிக்கொண்டால் விடுங்கள். "ஏன் வித்தியாசமே இல்ல?" என்ற அந்தக் கேள்வி ஒரு மாதத்துக்குத் தீனி போடும். மழைத்தண்ணீர் பிடிக்கும்போது முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட வேண்டும், ஓட்டிலுள்ள தூசி அதில்தான் வரும்.

சங்குப்பூச் சாறு: ஒரு பொருள் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் சாறு இது. பத்து நீலப் பூவை 100 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் போதும். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, சமையல் சோடா பட்டால் நீலப்பச்சை, சலவைச் சோடா பட்டால் பச்சை. கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் தானே காரத்தன்மை உள்ளது, சாறெடுக்கவே அது வேண்டாம், மழைத்தண்ணீர் எடுங்கள். சாறு இரண்டு நாளில் நாறும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் தேவைக்கு ஒரு கட்டி எடுக்கலாம், ஆனால் தட்டில் "குடிக்காதே" என்று ஒட்டுங்கள். மஞ்சளும் இதே வேலையைச் செய்யும் என்பார்கள். சமையல் சோடாவுக்கு மஞ்சள் சரியாகச் சிவக்காது, அதன் காரம் அவ்வளவு போதாது. சோப்பிலோ சலவைச் சோடாவிலோ நன்றாகச் சிவக்கும்.

மரச்சீனியும் ஏத்தங்காயும்: பீட்டாடின் பத்துச் சொட்டு, 50 மில்லி தண்ணீர். மரச்சீனிக் கிழங்குத் துண்டில் விட்டால் கருநீலம், அதில் மாவுச்சத்து நிறைய. ஏத்தங்காயைக் காயாக, செங்காயாக, பழமாக மூன்று நாள் இடைவெளியில் வெட்டிப் பார்த்தால் நிறம் மங்கிக்கொண்டே வரும். பழுக்கும்போது மாவுச்சத்து சீனியாகிறது. வேகவைத்த கிழங்கைச் சூட்டோடு சோதித்தால் நிறம் வராது, ஆறியபிறகுதான் வரும். இதைச் "சோதனை தப்பு" என்று பிள்ளை தூக்கிப்போடப் பார்க்கும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்வது மட்டும் உங்கள் பங்கு. பச்சை மரச்சீனியைக் கடித்துப் பார்க்கக்கூடாது, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. துணியில் பட்ட கறைக்கு எலுமிச்சைச் சாறு.

கடல்நீர் உப்பு: ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 100 மில்லியைத் துணியில் வடித்து, எடை பார்த்த பீங்கான் தட்டில் வெயிலில் வைத்து வற்றவிட்டால் 3.5 கிராம் வர வேண்டும். பெரும்பாலும் நாலுக்குமேல் வரும். காரணம் ஈரம். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயிலிலிருந்து எடுத்த உடன் ஒரு எடை, ராத்திரி ஒரு எடை என்று பிள்ளை தானே பார்த்தால் புரிந்துவிடும். அலுமினியத் தட்டு வேண்டாம், அரித்துவிடும். இதைச் செய்தபிறகு புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளத்தைப் பார்க்கப் போங்கள். முன்னால் போனால் வெறும் வேடிக்கை. பின்னால் போனால் பாத்தி ஏன் அவ்வளவு ஆழமில்லாமல் இருக்கிறது என்று பிள்ளையே கேட்கும்.

6. எவ்வளவு தள்ளி உட்காருவது

6 முதல் 8 வயது வரை ஒரே இடத்தில் இருங்கள், ஆனால் கையில் உங்கள் சொந்த வேலை இருக்கட்டும். காய் நறுக்குங்கள், துணி மடியுங்கள். சும்மா இருக்கும் கை தானாக நீளும். 9 முதல் 11 வரை கூப்பிட்டால் கேட்கும் தூரம். 12க்கு மேல் திறந்த தட்டுச் சோதனைகளுக்கு நீங்கள் வீட்டில் இருந்தால் போதும். தீ என்றால் மட்டும் வயதுக் கணக்கே கிடையாது, பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி 15 நிமிடம் கழுவி அடுக்க. அதற்கு நேரம் விடாவிட்டால் கழுவும் வேலை உங்கள் தலையில் விழும், மூன்றாவது வாரம் சோதனையே நின்றுபோகும்.

7. பெரியவர்கள் கெடுக்கும் இடங்கள்

முந்திக்கொண்டு விடை சொல்வதுதான் முதல் கேடு. அதிலும் தவறான விடை. தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வருது" என்று பலரும் சொல்லிக்கொடுப்பார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அப்போது தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கட்டும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதேதான், ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். பாடநூல் விடையைச் சொல்லிவிட்டிருந்தால் இந்த மூன்று மெழுகுவர்த்தி யோசனை பிள்ளைக்கு வந்திருக்கவே வராது.

தோற்ற சோதனையை அழித்து எழுதச் சொல்வது இன்னொன்று. தாளில் அப்படியே இருக்கட்டும். சொந்தக்காரர்கள் வரும்போது "அதைச் செய்து காட்டு" என்று மேடை ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள். ஒருமுறை கைதட்டு வாங்கிய பிள்ளை அடுத்து கைதட்டு வரும் சோதனையை மட்டுமே தேடும்.

8. கடற்கரையும் மலையோரமும்

முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் காந்தத்தை ஓட்டினால் இரும்புச் சத்துள்ள மணிகள் ஒட்டும். காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய மணலை எடுக்கவே முடியாது. பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள். அந்த மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் உண்டு. கதிர்வீச்சுள்ள பொருளை வீட்டில் பாட்டிலில் சேர்த்துவைக்கக் கூடாது. அணுக் கனிமம் என்பதால் அள்ளிக்கொண்டு வருவது சட்டத்துக்கும் புறம்பு.

கள்ளக்கடல் (கடல் திடீரென்று பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைக்கே போகாதீர்கள். காற்றும் மேகமும் இல்லாத நல்ல வெயிலிலும் அது திடீரென்று ஏறிவரும். மற்ற நாளிலும் தண்ணீர் எடுப்பது பெரியவர், அளப்பது பிள்ளை.

தோட்டத்து ரப்பர்ப் பாலை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ உறையவைக்கலாம். பால் வெட்டிய அன்றே செய்ய வேண்டும், அம்மோனியா கலந்த பால் எளிதில் உறையாது. பலூன் தொட்டாலே தடிப்பு வரும் பிள்ளைக்கு இது வேண்டாம்.

9. பதிவேடும் தேர்வுச் சான்றிதழ்களும்

இதில் ஏமாறுபவர்கள் அதிகம். பிள்ளை நன்றாகச் சோதனை செய்கிறது என்பது ஒன்று, தேர்வுக்கான செய்முறை ஏற்பாடு என்பது வேறு. 12 வயதிலேயே திட்டமிடுங்கள்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுத 14 வயது நிறைய வேண்டும். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. தமிழ் வழியிலும் எழுதலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், கையொப்பம் ஆகியவற்றை வருடித் தயாராக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்தும் ஆதாரில் பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் இருந்தாலே திருத்த அலைய வேண்டிவரும். குமரியிலிருந்து கொச்சி பக்கம் என்றாலும் தமிழ்நாட்டுக்கு மண்டல மையம் சென்னைதான். அறிவியல் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு முன்பே ஒதுக்கப்பட்ட மையத்தில் நடக்கும், பதிவேட்டோடு போக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவதானால் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதற்கு 12½ வயது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகத் தனியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். இந்த அறிவிப்பு எழுத்துத் தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்னால் வந்து போய்விடும். விண்ணப்பிக்கப் போகும்போதுதான் தெரிந்தால் ஒரு வருடம் போயிற்று.

முன்பு பள்ளியில் படித்த பிள்ளை என்றால் மாற்றுச் சான்றிதழை வாங்கி வையுங்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பள்ளியில் சேராதவர்களாக இருந்தாலும் ஆய்வறிக்கை தரலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தை அணுகுங்கள். ஐந்து வரித் தாள்கள் தேதியோடு இருந்தால் அறிக்கை பாதி முடிந்த மாதிரி.

10. எந்த மாதம் எது

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. பலூன், சீப்பு, காகிதத் துண்டு வைத்துச் செய்யும் நிலைமின்சாரச் சோதனை ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பரில் உருப்படாது. ஈரக்காற்று மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். உப்பு வற்றவைக்க மார்ச்.

மழைமானிக்கு ஜூன். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலுள்ள குழிவுகள் மறையக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைச் சுழி என்று குறிக்க வேண்டும். காலை 8.30க்கு அளந்தால் செய்தித்தாளில் வரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு மழை அளவோடு ஒப்பிடலாம். தென்னைக்கடியில் வைத்தால் கணக்கு கெடும், ஓலை பாதி மழையைப் பிடித்துக்கொண்டு பிறகு ஒரே இடத்தில் கொட்டும். மொட்டைமாடி நல்லது.

ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டி நாகர்கோவிலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நூல்குண்டு கட்டிச் செங்குத்தாக நட்ட கம்பிக்கு அப்போது நிழல் இருக்காது. பகல் 12 மணிக்குப் பார்த்தால் ஏமாற்றம்தான். நம் ஊர் இந்திய நேரக்கோட்டுக்குச் சுமார் 5 பாகை மேற்கே இருப்பதால் உச்சி 12.20க்குச் சற்றுப் பின்னால் வரும். 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறிக்கப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அன்று மேகம் மறைத்தால் செப்டம்பர் 1, 2இல் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.